பச்சை போர்த்தினால் போதுமா?

சுரங்கங்கள் குறித்த அறிக்கைகளில் 'மீட்கப்பட்ட நிலம்' என்றொரு தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. இத்தனை ஹெக்டேர் தோண்டப்பட்டது, இத்தனை ஹெக்டேர் நிரப்பப்பட்டது, இத்தனை மரக்கன்றுகள் நடப்பட்டன என்று கணக்கு நீளும். கூடவே ஒரு புகைப்படமும் இருக்கும். முன்பு செம்மண்ணாகவும் சாம்பல் நிறமாகவும் கிடந்த இடம், இப்போது பச்சையாகத் தெரியும். பார்ப்பவர் மனம் நிறைவடையும். அந்தப் பச்சைக்குக் கீழே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைப் புகைப்படம் சொல்வதில்லை.

மண்ணியல் ஆசிரியர் என்ற முறையில், பணி முடிந்த குவாரிகளையும் சுரங்கங்களையும் பார்வையிடும் குழுக்களில் சில ஆண்டுகள் இடம்பெற்றிருக்கிறேன். நிலம் உண்மையில் மீண்டிருக்கிறதா என்பதை அறிய நான் முதலில் தேடுவது நடப்பட்ட மரங்களை அல்ல. தேங்கி நிற்கும் நீர், சரிந்து நிற்கும் மண், யாரும் நடாமல் தானே முளைத்த செடி ஆகிய மூன்றைத்தான் முதலில் பார்ப்பேன். குட்டை, சரிவு, களை என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆவணங்களில் இவை வெவ்வேறு பக்கங்களில் இருக்கின்றன. நிலத்தில் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. இந்தப் பிணைப்பை நமது ஆய்வு முறை போதிய அளவு கவனிப்பதில்லை என்பதே என் கருத்து.

தமிழ்நாட்டிற்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கருநிறப் பொருள்தான், 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாக முதற்காரணமாக அமைந்தது. 1961இல் முதன்முறையாக நிலக்கரி வெளியே வந்தது. அங்கே ஒரு டன் நிலக்கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அகற்ற வேண்டும். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்துடன் நிலத்தடி நீர் இருப்பதால், அதை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை நிலைத்திருக்கும். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படி மண்ணும் நீரும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன.

நிலக்கரி எடுத்து முடித்த பகுதிகளை நிரப்புவது, மரம் நடுவது, சோதனை முறையில் பயிர் செய்வது, குட்டைகள் அமைப்பது ஆகிய பணிகளும் அங்கே நடந்து வருகின்றன. மறுபுறம், 2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின் மீது இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழகமே பார்த்தது. விளைநிலத்தைக் கொடுப்பவர்கள் இழப்பீடு பற்றியும் வேலைவாய்ப்பு பற்றியும் கேட்கிறார்கள். அவற்றோடு எழ வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. தோண்டி முடித்த பிறகு திரும்பி வரும் நிலம் எத்தகையதாக இருக்கும்? அதை யார், எப்போது, எப்படிச் சோதித்துச் சொல்வார்கள்?

நிரப்பிய நிலத்தின் இயல்பு

தோண்டி எடுத்த மண் இறுக்கம் குலைந்து பருமனில் கூடுகிறது. அதைத் திரும்பக் கொட்டி நிரப்பும்போது இடையிடையே காற்றிடைவெளிகள் இருக்கும். மழை பெய்யப் பெய்ய அந்த மண் அமிழ்கிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவில் அது அமிழ்வதில்லை. சமப்படுத்திய மேட்டில் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பள்ளங்கள் தோன்றுவதும், எவரும் திட்டமிடாத இடத்தில் நீர் தேங்குவதும் இதனால்தான். நிரப்பிய நிலம் பல ஆண்டுகள் அசைந்துகொண்டே இருக்கும் நிலம்.

மேலே இருந்த வளமான மேல்மண், பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள் அடங்கிவிடும். மக்கும் பொருள், நுண்ணுயிர்கள், புல் விதைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதைத் தனியே வழித்தெடுத்துச் சேமித்து மீண்டும் மேலே பரப்ப வேண்டும் என்பது விதி. ஆனால், அதை உயரமான குவியலாகப் பல ஆண்டுகள் போட்டு வைத்தால் உள்ளே காற்று செல்லாமல் உயிர்கள் மடிகின்றன. பெயரளவில் மேல்மண்ணாக இருந்தாலும் அது உயிரற்ற மண்ணாகிவிடும். அடியிலிருந்து வந்த மண்ணும் மேலிருந்த மண்ணும் கலந்துவிட்டாலோ, பிரித்தெடுக்க வழியே இல்லை.

இன்னொன்றும் உண்டு. முதலில் தோண்டிய மண் சுரங்கத்துக்கு வெளியே மேடாகக் குவிக்கப்படுகிறது. நிலக்கரியும் வெளியேறிவிடுகிறது. எனவே, இறுதியில் ஒரு பெரும்பள்ளம் மிஞ்சும். அதில் நீர் நிறையும். ஆக, மீட்கப்பட்ட சுரங்கத்தில் மேடும் குட்டையும் கட்டாயம் இருக்கும். அவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் ஆய்வின் பொருள்.

குட்டை சொல்லும் செய்தி

ஏரிகளை நம்பி வாழ்ந்த சமூகம் நம்முடையது. கரை, மதகு, கலங்கல் என்ற சொற்களுக்கு நமக்கு விளக்கம் தேவையில்லை. மழை வலுத்த இரவில் அரிக்கேன் விளக்குடன் கரையைச் சுற்றி வந்த நீர்கட்டி எதைத் தேடினாரோ, அதையேதான் சுரங்கக் குட்டையின் கரையில் நடக்கும் ஆய்வாளரும் தேட வேண்டும்.

முதலில் கரையின் வெளிப்புற அடிப்பகுதி. கோடையிலும் அங்கே ஈரம் தெரிகிறதா, குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் கோரை தழைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கசிவு இருந்தால், கசியும் நீரின் நிறம் முக்கியம். தெளிந்த நீர் சிறிதளவு கசிவதைக் கண்காணித்துவரலாம். கலங்கிய நீர் கசிந்தால், கரையின் உள்ளிருக்கும் மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். அன்றே செயல்பட வேண்டும். நண்டு வளையும் எலி வளையும் சிறியவைதாம். ஆனால், நீர் மட்டம் உயரும் நாளில் அவையே குழாய்களாகின்றன. கரைமேல் வேரூன்றிய பெரிய மரம் பட்டுப்போனால், அதன் வேர் மக்கிய தடமும் நீருக்கு வழியாகும்.

அடுத்தது கலங்கல். பெருமழையில் உபரி நீர் அதன் வழியாக மட்டுமே வெளியேற வேண்டும். அது அடைபட்டிருந்தால் நீர் கரையின் மேல் வழிந்தோடும். மண்கரை அதைத் தாங்காது. மூன்றாவது வண்டலின் அளவு. மேட்டிலிருந்து அடித்து வரும் மண்ணைப் பிடித்து வைப்பதற்காகவே இத்தகைய குட்டைகள் வெட்டப்படுகின்றன. வண்டல் நிறைந்துவிட்டால் குட்டை இருந்தும் இல்லாததுதான். சேற்று நீர் நேராக ஊர் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் போகும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் மிதக்கும் திண்மங்கள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள பொதுத் தரநிலை. தூர்வாராத குட்டையால் மழை நாளில் இந்த வரம்பைக் காக்க இயலாது.

நீரின் தன்மை இதைவிட நுட்பமானது. நிலக்கரியோடும் சில கனிமங்களோடும் இரும்புக் கந்தகம் கலந்திருப்பதுண்டு. அது காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாக மாறுகிறது. குட்டையின் அடியிலும் ஓரக் கற்களிலும் ஆரஞ்சு நிறப் படிவு இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். பளிங்குபோல் தெளிந்த நீரைக் கண்டாலும் ஐயம் கொள்ள வேண்டும். அமிலத்தன்மை மிகுந்த நீரில் களிமண் துகள்கள் திரண்டு அடியில் படிந்துவிடுவதால் நீர் அழகாகத் தெளிந்து காணப்படும். அதில் தவளை இராது. தும்பிகளின் இளம் புழுக்கள் இரா. ஓரத்தில் பாசிகூட அரிதாகவே இருக்கும். மேகாலயத்தின் லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீல நிறமாக மாறுவதைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அந்த நீலத்துக்கு நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீர் முதன்மைக் காரணமாகச் சுட்டப்படுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, குட்டையின் ஓரம் எப்படி இறங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையில் குளிக்கச் சென்ற சிறுவர்கள் மூழ்கி இறந்த செய்தி கோடை விடுமுறைதோறும் நாளிதழ்களில் வருகிறது. ஊர்க் குளத்தில் கால் வைத்தால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஆழம் படிப்படியாகக் கூடும். குவாரிக் குட்டையில் முதல் அடி பாறையிலும் அடுத்த அடி நாற்பதடி ஆழத்திலும் விழும். ஓரத்தைச் சாய்வாக வெட்டி, ஆழம் குறைந்த ஒரு விளிம்பை அமைப்பது பெரிய தொழில்நுட்பம் அல்ல. அது செய்யப்படாத குட்டையை எத்தனை மரங்கள் சூழ்ந்திருந்தாலும், மீட்கப்பட்டதாகக் கருத முடியாது.

சரிவு பேசும் மொழி

தளர்வான மண்ணை மேலிருந்து கொட்டினால், அது ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் தானாக நிற்கும். நிற்கிறது என்பதாலேயே அது நிலைத்தது என்று கருதக் கூடாது. இன்னும் சற்று நீர் ஊறினால் சரியக்கூடிய விளிம்பில் அது இருக்கிறது. எனவேதான் நிலக்கரிச் சுரங்கங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதிகளில் மண்மேட்டின் மொத்தச் சாய்வு 28 பாகையைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இடம்பெறுகிறது. இரண்டடி தள்ளிச் சென்றால் சுமார் ஓரடி உயரும் சரிவு அது. மேட்டைப் படிப்படியாக அமைத்து, ஒவ்வொரு படியிலும் வடிகால் வைத்து, அடியில் கற்சுவரும் சுற்றிலும் வாய்க்காலும் அமைப்பது முறை.

ஆய்வாளர் சரிவின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போகக் கூடாது. உச்சிக்கு ஏற வேண்டும். விளிம்புக்கு இணையாக, பிறை வடிவில் தரையில் வெடிப்பு ஓடுகிறதா? மண் நகரத் தொடங்கியதன் முதல் அடையாளம் அது. கோடையில் களிமண் காய்ந்து வெடிப்பது வலைபோல் இருக்கும். நகர்வின் வெடிப்பு ஒரே கோடாக நீளும், ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்தும் இருக்கும். பின்னர் அடிவாரத்துக்கு இறங்கி, மண் வயிறு தள்ளியதுபோல் புடைத்திருக்கிறதா என்று காண வேண்டும். மரங்களும் சாட்சி சொல்லும். அடிமரம் வளைந்து நுனி நேராக வளர்ந்திருந்தால், அதன் காலடி மண் பல ஆண்டுகளாக மெல்ல நகர்ந்து வந்திருக்கிறது.

மழைநீர் கீறிய தடங்களையும் அளக்க வேண்டும். விரல் ஆழக் கீறலை மண்வெட்டியால் மூடிப் புல் வைத்துவிடலாம். முழங்கால் ஆழத்துக்கு அரித்திருந்தால் அதை மட்டும் மூடிப் பயனில்லை. அவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது என்று மேலே ஏறித் தேட வேண்டும். பெரும்பாலும் மேற்படியின் வடிகால் உடைந்திருக்கும், அல்லது மண் அமிழ்ந்து வடிகாலின் ஓட்டமே திசை மாறியிருக்கும். வெட்டிவேரும் தென்னை நார் விரிப்பும் மேற்பரப்பு அரிப்பைத் தடுக்கும். மேட்டின் உள்ளே ஊறும் நீரை அவற்றால் தடுக்க இயலாது.

இதில் அலட்சியத்தின் விலை என்ன என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. 1966 அக்டோபர் 21 அன்று தெற்கு வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தில், ஊற்றின் மேல் குவிக்கப்பட்டிருந்த நிலக்கரிக் கழிவு மேடு மழையில் ஊறிச் சரிந்து, கீழே இருந்த பள்ளியை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். பள்ளிக்குப் பின்னால் கழிவைக் கொட்டுவது ஆபத்து என்று உள்ளூர் நிர்வாகம் மூன்றாண்டுகளுக்கு முன்பே எழுத்து மூலம் எச்சரித்திருந்தது.

1972 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கின் மேலே இருந்த நிலக்கரிக் கழிவுநீர் அணை உடைந்து 125 பேர் இறந்தனர். அந்த அணை 'திருப்திகரம்' என்று அரசு ஆய்வாளர் குறிப்பிட்டு நான்கு நாட்களே ஆகியிருந்தன. நம் நாட்டில் 2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டின் ராஜ்மகல் நிலக்கரிச் சுரங்கத்தில் மண்மேடு சரிந்து 23 தொழிலாளர்கள் மாண்டனர். மூன்றும் வெவ்வேறு காலம், வெவ்வேறு நாடு. மண்ணையும் நீரையும் மலைபோல் குவித்து வைத்துவிட்டு, அவை தரும் அறிகுறிகளைப் படிக்கத் தவறியது மூன்றுக்கும் பொது.

களை என்னும் கணக்கு மோசடி

ஒரு நிலத்தில் எத்தனை விழுக்காடு பசுமைப் பரப்பு இருக்கிறது என்பதை இன்று செயற்கைக்கோள் படங்களே சொல்லிவிடுகின்றன. ஆனால், மேலிருந்து நோக்கும் கண்ணுக்கு ஆலமரமும் சீமைக் கருவேலமும் பச்சைதான். அறுகம்புல்லும் பார்த்தீனியமும் பச்சைதான்.

புரட்டிப்போட்ட வெற்று மண் களைகளுக்கு அழைப்பு விடுக்கிறது. லாரிச் சக்கரங்களில் ஒட்டியும், வெளியிலிருந்து கொண்டுவரும் மண்ணில் கலந்தும், ஆடு மாடுகளின் சாணத்தோடும் விதைகள் வந்து சேர்கின்றன. ஒரு பார்த்தீனியச் செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். ஆடுகள் விரும்பித் தின்னும் சீமைக் கருவேல நெற்றின் விதை, அவற்றின் குடலைக் கடந்து வந்த பின் நன்றாக முளைக்கும். உண்ணிச்செடி புதராக அடர்ந்துவிட்டால் அதன் அடியில் நாட்டுச் செடியின் கன்று தலைதூக்காது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. காடுகளில் அகற்ற வேண்டியவை என்று நாமே பட்டியலிட்ட செடிகள், சுரங்க நிலத்தில் மட்டும் பசுமைப் பரப்பின் கணக்கில் சேர்ந்துவிடுவது முரண் அல்லவா?

இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட மரச்சட்டத்தைப் பல இடங்களில் தரையில் வைத்து, அதனுள் இருக்கும் ஒவ்வொரு செடியையும் எண்ண வேண்டும். எத்தனை வகை, எவை நாட்டுச் செடிகள், எவை அயலானவை, எவ்வளவு தரை வெறுமையாகக் கிடக்கிறது என்று குறிக்க வேண்டும். சட்டம் வைக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும்; வழிகாட்டியாக வருபவர் காட்டும் இடங்களில் வைக்கக் கூடாது. நடாத நாட்டு மரக்கன்று ஒன்று தானாக முளைத்திருந்தால், அதை நடப்பட்ட நூறு கன்றுகளுக்குச் சமமாக நான் மதிப்பேன். பறவை வந்திருக்கிறது, விதை விழுந்திருக்கிறது, மண் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது சான்று.

அதே சமயம், களை என்று கண்டதையெல்லாம் உடனே வேரோடு பிடுங்குவதும் தவறு. சரிவில் இறங்கிய சீமைக் கருவேல வேர்தான் சில இடங்களில் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். மழைக்கு முன்பாக இயந்திரத்தை விட்டு அதை அகற்றினால், முதல் பெருமழையிலேயே சரிவு அரித்துப்போகும். புல்லும் மாற்று மரங்களும் வேர்பிடித்த பிறகு, பகுதி பகுதியாக அகற்றுவதே முறை. களையைப் பார்க்கும்போது சரிவையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஒரே சங்கிலி

இந்த மூன்றும் எவ்வாறு பிணைகின்றன என்று பாருங்கள். குட்டையின் ஓரத்தில் சம்பு வளர்கிறது. நீர்ப்பரப்பில் ஆகாயத்தாமரை பரவுகிறது. இரண்டும் சேர்ந்து கலங்கலை அடைக்கின்றன. நீர் மட்டம் உயர்ந்து, அருகிலுள்ள மண்மேட்டின் அடிவாரம் ஊறுகிறது. ஊறிய அடிவாரம் மேலுள்ள சுமையைத் தாங்காமல் இளகுகிறது. மேட்டில் அரிப்பு மிகுந்து வண்டல் குட்டைக்குள் இறங்குகிறது. கொள்ளளவு குறைந்து நீர் மட்டம் இன்னும் உயர்கிறது. தொடக்கத்தில் இரண்டு ஆட்கள் அரைநாளில் வாரி எறிந்திருக்கக்கூடிய செடிதான் இத்தனைக்கும் காரணமாகிறது.

ஆனால், நிர்வாகத்தில் இவை பிரிந்து கிடக்கின்றன. சுரங்கத்தின் சரிவும் தொழிலாளர் பாதுகாப்பும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் பொறுப்பு. வெளியேறும் நீரின் தரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளை மத்திய அமைச்சகத்தின் மண்டல அலுவலகம் கண்காணிக்கிறது. களையைப் பார்ப்பது எவருக்கும் முதன்மைப் பணியாக இல்லை. ஒவ்வொரு துறையும் தன் பங்கைச் சரியாகவே செய்தாலும், சங்கிலியை முழுமையாகப் பார்க்கும் கண் இல்லை.

ஆய்வு நடக்கும் காலமும் கவனத்துக்குரியது. மாநிலத்தின் ஒரு பகுதியில், பணி முடிந்த சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றை ஒரே ஆண்டில் இருமுறை பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஏப்ரலில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. குட்டை வறண்டிருந்தது, சரிவு வழுவழுப்பாக இருந்தது, நட்ட வேம்புகள் உயிருடன் நின்றன. டிசம்பரில் சென்றபோது அதே சரிவில் மூன்று அரிப்பு ஓடைகள் இறங்கியிருந்தன. குட்டையில் பாதி வண்டல். கலங்கல் வழியே போக வேண்டிய நீர் கரையின் தாழ்ந்த ஓரிடத்தில் வழிந்திருந்தது. ஏப்ரலில் மட்டும் சென்றவர் எழுதும் அறிக்கையும், டிசம்பரில் மட்டும் சென்றவர் எழுதும் அறிக்கையும் இருவேறு நிலங்களைப் பற்றியவை போலிருக்கும். கடலூர் போன்ற மாவட்டங்களில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அந்த மழை முடிந்த கையோடு செய்யாத ஆய்வு, தேர்வு நடக்காத நாளில் வருகைப் பதிவு எடுப்பதற்கு ஒப்பாகும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

நம் சட்டங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. நிலக்கரி, பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதற்கான திட்டமும், அதற்கான தொகையை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் வைப்பதும் 2009இல் மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் நெறிமுறைகளால் நடைமுறைக்கு வந்தன. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று அப்போது அடிப்படைத் தொகை வகுக்கப்பட்டது. இந்நெறிமுறைகள் பின்னர் பலமுறை திருத்தப்பட்டுள்ளன. 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், சுரங்கம் தோண்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, அதைக் கால்நடைத் தீவனத்துக்கும் தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் ஏற்றதாக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகைகளில் சேர்க்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மரம் என்று சொல்லாமல் புல் என்று சொன்னதில் பொருள் இருக்கிறது. மண்ணை முதலில் பிடிப்பது புல். ஊராரின் ஆடு மாடுகளுக்குப் பயன்படுவதும் அதுவே.

ஒப்பிட்டுப் பார்க்க, பஃபலோ கிரீக் விபத்து நடந்து ஐந்தாண்டுகளில், 1977இல் அமெரிக்கா இயற்றிய மேற்பரப்புச் சுரங்கச் சட்டத்தைக் கூறலாம். மாதம் ஒரு பகுதி ஆய்வும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முழு ஆய்வும் முன்னறிவிப்பு இல்லாமல் நடக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. நிறுவனம் கட்டிய பிணைத்தொகை படிப்படியாகவே விடுவிக்கப்படும். நிலத்தைச் சமப்படுத்தி வடிகால் அமைத்ததும் ஒரு பகுதி, செடிகள் நிலைபெற்றதும் ஒரு பகுதி என்று கொடுத்து, எஞ்சியதைக் கடைசியில்தான் தருவார்கள். கடைசியாக விதைத்த நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுகள், மழை குறைந்த பகுதிகளில் பத்தாண்டுகள் நிறுவனத்தின் பொறுப்பு நீடிக்கிறது. இடையில் மீண்டும் விதைத்து உரமிட்டால் அந்தக் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும். நிலம் பிறர் உதவியின்றித் தன் காலில் நிற்கிறதா என்பதற்கான சோதனை அது. அந்நாட்டில் நிறுவனங்கள் திவாலாகிப் பொறுப்பைக் கைகழுவிய கதைகளும் உண்டு. எனினும், காலத்தையும் பணத்தையும் நிலத்தின் நிலையோடு இணைத்த அந்த முறை நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, குட்டை, சரிவு, களை மூன்றையும் ஒரே நாளில் ஒரே குழு நடந்து பார்க்க வேண்டும். மண் பொறியாளரும் தாவரவியலாளரும் நீரியலாளரும் அக்குழுவில் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டாவதாக, ஆண்டுக்கு இரு ஆய்வுகளில் ஒன்று பருவமழை முடிந்த பதினைந்து நாட்களுக்குள் நடக்க வேண்டும். குறித்துவைத்த அதே இடங்களில் நின்று, அதே திசை நோக்கி ஆண்டுதோறும் படம் எடுக்க வேண்டும். ஐந்தாண்டுப் படங்களை வரிசையாக வைத்தால் எந்த அறிக்கையையும்விட அவை தெளிவாகப் பேசும். மூன்றாவதாக, அயல் களைகளைக் கழித்த பிறகே பசுமைப் பரப்பைக் கணக்கிட வேண்டும். நான்காவதாக, தனிக் கணக்கில் உள்ள தொகையின் கணிசமான பகுதி, பராமரிப்பு ஏதுமின்றி நிலம் சில பருவமழைகளைக் கடந்த பிறகே விடுவிக்கப்பட வேண்டும்.

ஐந்தாவது, ஊராரின் பங்கு. மேட்டடியில் ஆடு மேய்ப்பவருக்கு எந்த இடத்தில் புதிதாக ஊற்று கிளம்பியிருக்கிறது என்று தெரியும். கிணற்று நீரில் துணி வெளுப்பவருக்கு நீரின் தன்மை எந்த மாதத்தில் மாறியது என்று தெரியும். அபர்ஃபானில் எச்சரித்தவர்களும் உள்ளூர்க்காரர்கள்தாம். அமெரிக்கச் சட்டத்தில், புகார் கொடுத்த குடிமகன் ஆய்வாளருடன் சுரங்கத்துக்குள் செல்ல உரிமை இருக்கிறது. நம் கிராம சபைகளுக்கும் அத்தகைய உரிமை வேண்டும். இப்போதுள்ள சட்டத்திலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி பெற்ற ஒவ்வொரு திட்டமும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் அரையாண்டு அறிக்கை அளிக்க வேண்டும். அது பொது ஆவணம். தம் ஊர்ச் சுரங்கத்தின் அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதில் எழுதியிருப்பதையும் கண்ணெதிரே இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க எவருக்கும் உரிமை உண்டு. ஊரில் உள்ள அறிவியல் ஆசிரியரும் கல்லூரி மாணவர்களும் இதைத் தொடங்கி வைக்கலாம்.

சுரங்கமே வேண்டாம் என்று வாதிடுவதற்காக இதை எழுதவில்லை. நாம் பயன்படுத்தும் மின்சாரத்திலும் சிமென்டிலும் எவரோ ஒருவரின் நிலம் கரைந்திருக்கிறது. அந்த நிலத்தைக் கடனாகவே பெற்றோம் என்றால், திருப்பித் தரும்போது அது உழவரின் ஏரைத் தாங்க வேண்டும். அவருடைய மாடு மேய வேண்டும். அவர் வீட்டுக் குழந்தை அச்சமின்றிக் குட்டையின் ஓரம் நிற்க வேண்டும். சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரி ஒவ்வொருவரும், மழைவிட்ட மறுவாரம் ஒருமுறை அந்த மேட்டின் உச்சிவரை ஏறி இறங்கிய பிறகு கையெழுத்திடட்டும்.